ஸ்டில்ட் பார்க்கிங் வீடுகள் பூகம்பத்தை தாங்குமா? அகமதாபாத்தில் நடந்ததும் சென்னையில் நடக்க வேண்டியதும்

சென்னை,

சென்னையில் இப்போது எந்த தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே மாதிரி கட்டிடம்தான் கண்ணில் படுகிறது. கீழே நாலு பக்கமும் திறந்து கிடக்கும் கார் பார்க்கிங். அதற்கு மேலே மூணு மாடி, நாலு மாடி வீடுகள். ஒல்லியான பில்லர்கள் மேல் ஒட்டுமொத்த பாரமும் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டில்ட் பிளஸ் 3, ஸ்டில்ட் பிளஸ் 4 என்று புரோக்கர்கள் சொல்வது இதைத்தான்.

இடம் மிச்சம், வண்டி நிறுத்த வசதி, மழை வெள்ளம் வந்தாலும் வீட்டுக்குள் தண்ணீர் வராது. எல்லாம் சரி. ஆனால் பூமி ஆட்டம் கண்டால் இந்த கட்டிடங்கள் நிற்குமா என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"நம்ம ஊர்ல எங்கப்பா பூகம்பம் வருது?" என்பதுதான் டீக்கடை பேச்சு. அந்த நம்பிக்கை எந்த அளவுக்கு சரி?

சென்னை எந்த மண்டலம்?

நாட்டை பூகம்ப ஆபத்தின்படி பல மண்டலங்களாக பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னை பல காலம் ஆபத்து குறைந்த 2-வது மண்டலத்தில் இருந்தது. 2002-ம் ஆண்டு இந்திய தர நிர்ணய அமைப்பு விதியை திருத்தியபோது, நடுத்தர ஆபத்து கொண்ட 3-வது மண்டலத்துக்கு சென்னை உயர்த்தப்பட்டது.

அதற்கு முந்தைய வருடம்தான், 2001 செப்டம்பர் 25 அன்று இரவு, புதுச்சேரி கடல் பகுதியில் பூகம்பம் ஏற்பட்டது. ரிக்டர் அளவில் சுமார் 5.5. சென்னையிலும் கட்டிடங்கள் குலுங்கின. ஜனங்கள் அலறியடித்து தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி நாளன்று காலையிலும் சென்னையில் அதிர்வு உணரப்பட்டது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா கடலில் பூகம்பம் வந்தபோது சென்னை ஆபீஸ்களில் இருந்து ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2019 பிப்ரவரி 12 காலையில் வங்கக் கடலில் ஏற்பட்ட பூகம்பமும் இங்கே தெரிந்தது. இன்னும் பின்னால் போனால் 1900-ம் ஆண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூரையே ஒரு பூகம்பம் உலுக்கியிருக்கிறது. அதன் அளவு சுமார் 6.

மகாராஷ்டிராவில் லாத்தூர் பகுதியை பூகம்ப ஆபத்து மிகக் குறைந்த இடம் என்றுதான் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், ஊரே தூங்கிக் கொண்டிருந்தபோது, பூமி குலுங்கியது. அளவு 6.2 தான். மண் பூசி அடுக்கிய கல் வீடுகள் சரிந்து சுமார் 10 ஆயிரம் பேர் மாண்டு போனார்கள்.

அகமதாபாத்தில் நடந்தது என்ன?

2001 ஜனவரி 26. குடியரசு தினம். காலை 8.46 மணி. குஜராத் மாநிலம் பூஜ் அருகே 7.7 அளவில் பயங்கர பூகம்பம். பூஜ், பச்சாவ், அஞ்சார் நகரங்கள் தரைமட்டமாயின. 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பலியானார்கள்.

அகமதாபாத் நகரம் அங்கிருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே எதுவும் ஆகியிருக்கக் கூடாது. ஆனால் அங்கேயும் அடுக்குமாடி கட்டிடங்கள் வரிசையாக சரிந்தன. அந்த ஒரு நகரத்தில் மட்டும் 700 பேருக்கு மேல் இறந்தார்கள்.

விழுந்தவற்றில் பெரும்பாலானவை கீழ்த்தளத்தை வண்டி நிறுத்த திறந்து விட்டிருந்த கட்டிடங்கள். மேல் மாடிகள் முழுசாக இருக்க, கீழே பில்லர்கள் மட்டும் நொறுங்கி, மொத்த கட்டிடமும் ஒரு மாடி அளவுக்கு கீழே உட்கார்ந்து விட்டது. முதல் மாடியில் இருந்தவர்கள் தரை மட்டத்துக்கு வந்து விட்டார்கள்.

அகமதாபாத் இருந்தது 3-வது மண்டலத்தில். அடுத்த வருடமே சென்னையும் சேர்க்கப்பட்டது அதே மண்டலத்தில்தான்.

பூஜ் போல 5-வது மண்டல ஆபத்து பகுதி சென்னைக்கு பக்கத்தில் இல்லை என்பது உண்மை. அந்த அளவு பூகம்பம் இங்கே வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நடுத்தர பூகம்பமே போதும், பலவீனமான கட்டிடத்தை சாய்க்க. 1997 மே மாதம் ஜபல்பூரில் வந்தது 5.8 அளவுதான். அங்கேயும் கீழ்த்தளம் திறந்த கட்டிடங்களின் பில்லர்கள்தான் முதலில் அடி வாங்கின.

பஸ்சில் நிற்பவர் மாதிரிதான் கட்டிடம்

இது ஏன் நடக்கிறது? மாநகர பஸ்சில் நின்று கொண்டு போனவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. டிரைவர் சடாரென்று வண்டியை எடுத்தால் கால் முன்னால் போகும், உடம்பு பின்னால் சாயும். பூகம்பத்தில் கட்டிடத்துக்கும் இதே கதிதான். அஸ்திவாரம் பூமியோடு நகர்ந்து விடுகிறது. மேல் மாடிகள் நின்ற இடத்திலேயே நிற்க பார்க்கின்றன. நடுவில் மாட்டிக் கொண்டு முழிப்பது கீழ்த்தள பில்லர்கள்.

மேல் மாடிகளில் அறைக்கு அறை செங்கல் சுவர் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டி மாதிரி இறுகி நிற்கும். அசைவது கொஞ்சம்தான். கீழ்த்தளத்தில் சுவரே இல்லை. ஆட்டம் முழுவதையும் பில்லர்களே தாங்க வேண்டும். தலையில் பெரிய சுமையை வைத்துக் கொண்டு குச்சி காலில் நிற்பது போல.

அதனால்தான் 2002-ம் ஆண்டு விதியிலேயே, இப்படி திறந்த கீழ்த்தள பில்லர்களை வழக்கமான கணக்கை விட 2.5 மடங்கு விசைக்கு தாங்கும்படி கட்ட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதற்கு முன்பு கட்டிய கட்டிடங்களுக்கு அந்த கணக்கே கிடையாது. பின்னால் கட்டியதிலும் எத்தனை பேர் இதை பார்த்து கட்டினார்கள் என்பது அந்தந்த பில்டருக்கும் என்ஜினீயருக்கும்தான் வெளிச்சம்.

மண்ணும் முக்கியம். அடையாறு, கூவம் ஓரங்களிலும், ஏரியாக இருந்து வீடான வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி பகுதிகளிலும் களிமண்ணும் மணலும் தளர்வாக கிடக்கின்றன. பாறை மேல் இருக்கும் கட்டிடத்தை விட இளகிய மண் மேல் இருக்கும் கட்டிடம் அதிகம் ஆடும். 1985-ல் மெக்சிகோ நகரில் இதுதான் நடந்தது. பூகம்பம் வந்தது 350 கிலோ மீட்டருக்கு அப்பால். பழைய ஏரி மண் மேல் கட்டிய பகுதிதான் அதிகம் அழிந்தது.

ரிங் கம்பியில் இருக்கிறது உயிர்

கம்பி கட்டும் தொழிலாளிகளுக்கு இது நன்றாகவே தெரியும். பில்லரில் நெட்டுக்கு நிற்கும் கம்பிகளை சுற்றி கட்டுவது ரிங். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் கை வைக்கும் முதல் இடம் இந்த ரிங்தான். 8 இஞ்சுக்கு ஒன்று, 9 இஞ்சுக்கு ஒன்று என்று போட்டு விட்டு, முனையை சும்மா எல் மாதிரி மடக்கி விடுவார்கள்.

சாதாரண நாளில் எந்த வித்தியாசமும் தெரியாது. பூகம்பத்தில் பில்லரின் வெளி கான்கிரீட் உதிர்ந்ததும் எல் மாதிரி மடக்கிய ரிங் வாயை பிளந்து விடும். உள்ளே இருக்கும் கான்கிரீட் சிதறும். நெட்டு கம்பி வளையும். பில்லர் காலி.

விதிப்படி பில்லரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரிங் அதிகபட்சம் 4 இஞ்ச் இடைவெளியில் இருக்க வேண்டும். முனையை இன்னும் உள்பக்கமாக, 135 டிகிரிக்கு மடக்கி கான்கிரீட்டுக்குள் செருக வேண்டும். புது கட்டிடத்தில் இதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிய தொகை இல்லை. கட்டி முடித்த பிறகு சரி செய்வதுதான் பெரிய வேலை.

கட்டிய கட்டிடத்தை பலப்படுத்த முடியுமா?

முடியும். இடித்து விட்டு புதுசாக கட்டினால்தான் உண்டு என்பது தவறான எண்ணம். இதற்கென்றே 2013-ல் இந்திய தர நிர்ணய அமைப்பு தனி விதி வெளியிட்டிருக்கிறது. மத்திய பொதுப்பணித்துறை 2007-ல் கொண்டு வந்த கையேட்டை தயாரித்ததில் சென்னை ஐ.ஐ.டி.க்கு பங்கு உண்டு. தரமணியில் இருக்கும் மத்திய அரசின் கட்டமைப்பு பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் மாதிரி கட்டிடங்களை ஏற்றி வைத்து குலுக்கி பார்க்கும் மேடையே இருக்கிறது. அதாவது, வித்தை தெரிந்தவர்கள் நம்ம ஊரிலேயே இருக்கிறார்கள்.

என்னென்ன செய்யலாம்?

* பில்லரை பெருசாக்குவது. முதலில் மேல் தளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும். பூச்சை உடைத்து, பழைய கான்கிரீட்டை கொத்தி சொரசொரப்பாக்கி, சுற்றிலும் புது கம்பியும் நெருக்கமான ரிங்கும் கட்ட வேண்டும். குறைந்தது 4 இஞ்ச் கனத்துக்கு புது கான்கிரீட் போட வேண்டும். புது கம்பி அஸ்திவாரத்தில் இறங்கி, மேலே தளத்தை துளைத்து அடுத்த மாடிக்கு போக வேண்டும். தரையில் ஆரம்பித்து கூரைக்கு கீழேயே நின்று விட்டால் அது வெறும் அலங்காரம்தான்.

* பார்க்கிங் தளத்தில் சில இடங்களில் மட்டும் கான்கிரீட் சுவர் எழுப்புவது. நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும், இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். ஒரே மூலையில் எழுப்பினால் கட்டிடம் முறுக்கிக் கொள்ளும். இருந்ததை விட மோசம்.

* பில்லருக்கு பில்லர் இரும்பு சட்டங்களை பெருக்கல் குறி மாதிரி பொருத்துவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் கடல் காற்று அடிக்கும் பகுதியில் துரு பிடிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

* பில்லர் இல்லாத பழைய செங்கல் வீடுகளில், லிண்டல் மட்டத்திலும் கூரைக்கு கீழேயும் சுவரின் உள்ளும் வெளியும் கம்பி வலை அடித்து சிமெண்ட் கலவை பூசுவது. மூலைகளில் நெட்டாகவும் அதே போல் செய்ய வேண்டும். சாக்கு மூட்டையை கயிறு போட்டு கட்டுவது மாதிரி வீட்டையே இறுக்கி கட்டும் வேலை இது. செலவு குறைவு. கொத்தனாரே செய்யலாம்.

எதை செய்வதாக இருந்தாலும் முதலில் ஸ்ட்ரக்சுரல் என்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும். கான்கிரீட் பலம் என்ன, உள்ளே எத்தனை கம்பி, துரு எவ்வளவு என்று கருவி வைத்து சோதிக்கலாம். துருப்பிடித்த கம்பி மேலேயே புது கான்கிரீட் போடுவது, சீழ் பிடித்த புண் மேல் பிளாஸ்திரி ஒட்டுவது மாதிரி.

கொத்தனார்கள் காப்பாற்றிய பள்ளிக்கூடங்கள்

பலப்படுத்தினால் பலன் உண்டா என்பதற்கு நேபாளம்தான் சாட்சி. காத்மாண்டு பள்ளத்தாக்கில் 1990-களின் கடைசியில் இருந்தே பள்ளி கட்டிடங்களை பலப்படுத்தும் வேலை நடந்தது. வேலை பார்த்தவர்கள் வெளிநாட்டு கம்பெனிகள் இல்லை. உள்ளூர் கொத்தனார்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் பூகம்பம் வந்தது. சுமார் 9 ஆயிரம் பேர் பலியானார்கள். ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன. அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை என்பதால் குழந்தைகள் தப்பினார்கள். ஆனால் பலப்படுத்திய பள்ளிகள் பெரிய சேதம் இல்லாமல் நின்றன. வீடு இழந்த மக்கள் பலருக்கு பள்ளிகள்தான் அடைக்கலம் கொடுத்தன.

நம்ம நாட்டில் டெல்லியில் லட்லோ கேசில் பள்ளி இப்படி பலப்படுத்தப்பட்டது. ஜப்பானில் 1995 கோபே பூகம்பத்தில் 6 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதே வருடம் பழைய கட்டிடங்களை பலப்படுத்த சட்டம் கொண்டு வந்தார்கள். இன்று அங்கே அரசு பள்ளிகள் ஏறத்தாழ எல்லாமே பலப்படுத்தப்பட்டு விட்டன.

பணம் யார் கொடுப்பது?

எல்லா பேச்சும் வந்து முட்டும் இடம் இதுதான்.

எட்டு வீடு இருக்கும் அபார்ட்மெண்டை எடுத்துக் கொள்ளுங்கள். மோட்டார் ரிப்பேருக்கு பணம் வசூலிப்பதே பெரும்பாடு. "பில்லர் கீழேதானே இருக்கு, நான் ஏன் கொடுக்கணும்?" என்று மேல் மாடிக்காரர் கேட்பார். பில்லரை பெருசாக்கினால் கார் நிறுத்தும் இடம் சுருங்கும். சுவர் எழுப்பினால் ஒருவருடைய பார்க்கிங்கே போய் விடும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய இடத்தை யார் விட்டுக் கொடுப்பார்கள்?

வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் மோசம். ஆபத்து அவர் தலை மேல். முடிவு வீட்டுக்காரர் கையில். வீட்டை பலப்படுத்தினால் வாடகை ஏறுமோ என்ற பயம் வேறு.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கும் இதே பிரச்சினைதான். 1994-ல் அங்கே வந்த பூகம்பத்தில், கீழே கார் நிறுத்தும் இடம் வைத்து கட்டிய ஒரு மரச்சட்ட அடுக்குமாடி குடியிருப்பு நொறுங்கி 16 பேர் இறந்தார்கள். அப்புறமும் 20 வருடம் இழுத்து, 2015-ல்தான் இந்த மாதிரி பழைய கட்டிடங்களை கட்டாயம் பலப்படுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. வாடகை கட்டுப்பாட்டில் வரும் வீடுகளில் செலவில் பாதி வரைதான் குடியிருப்பவரிடம் வாங்கலாம். அதுவும் மாதம் 38 டாலருக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். சண்டை வரும் என்று தெரிந்தே, பங்கை முன்கூட்டியே பிரித்து விட்டார்கள். இங்கேயும் இப்படி ஒரு பங்கு பிரிப்பு இல்லாமல் ஒரு செங்கல் கூட நகராது.

பணம் கட்டினால் பில்லர் பலமாகி விடுமா?

துருக்கியில் விதியை மீறி கட்டிய கட்டிடங்களுக்கு பணம் வாங்கிக் கொண்டு மன்னிப்பு கொடுக்கும் திட்டம் 2018-ல் வந்தது. 2023 பிப்ரவரி 6 அன்று பூகம்பம் வந்தது. அந்த நாட்டில் மட்டும் 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பலியானார்கள். பணம் வாங்கிக் கொண்டு கொடுத்த மன்னிப்பு பற்றி அப்போதுதான் நாடே கேள்வி கேட்டது.

தமிழ்நாட்டிலும் விதிமீறல் கட்டிடங்களை கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் திட்டம் 1990-களின் கடைசியில் இருந்து திரும்ப திரும்ப வந்திருக்கிறது. கட்டணம் கட்டியதால் பேப்பர் சரியாகி விடும். பில்லர் சரியாகாது. வரன்முறைப்படுத்தும்போதே கட்டிட பலம் குறித்த சோதனையையும் கட்டாயமாக்கினால்தான் அர்த்தம் உண்டு.

கட்டிடம் விழ பூகம்பம் கூட தேவையில்லை என்பதை சென்னை பார்த்து விட்டது. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடி கட்டிடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டுமான தொழிலாளிகள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரிய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்தன. விரிசலை பார்த்து ஜனங்கள் முன்கூட்டியே வெளியே வந்து விட்டதால் உயிர் தப்பினார்கள். பூகம்பம் அந்த அவகாசத்தை கொடுக்காது.

எதை முதலில் செய்ய வேண்டும்?

சென்னையில் எல்லா கட்டிடத்தையும் ஒரே நாளில் பலப்படுத்த முடியாது. ஆனால் வரிசை போடலாம்.

முதலில் அரசு ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம். பூகம்பம் வந்தால் அடிபட்டவர்களை அள்ளிக் கொண்டு ஓடும் இடமே இடிந்து கிடந்தால் என்ன செய்வது? அடுத்தது மாநகராட்சி, அரசு பள்ளிகள். மூன்றாவது பழைய வாரிய குடியிருப்புகள். இவற்றில் பலவற்றை இடித்து விட்டு புதிதாக கட்டும் வேலை நடக்கிறது. வரிசையில் கடைசியில் நிற்கும் பிளாக்குகளில் இருப்பவர்கள் அதுவரை என்ன செய்வார்கள்? கம்பி வலை, பெல்ட் என்று குறைந்த செலவில் பலப்படுத்துவது அவர்களுக்குத்தான் முதலில் தேவை. இந்த மூன்றுமே அரசு பணத்தில் நடக்க வேண்டியவை.

நான்காவது தனியார் ஸ்டில்ட் கட்டிடங்கள். சோதனைக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியையாவது அரசு ஏற்றுக் கொண்டால், சொத்து வரியில் கொஞ்சம் சலுகை கொடுத்தால், ஜனங்கள் முன்வர வாய்ப்பு உண்டு. கொத்தனார், கம்பி கட்டுபவர்களுக்கு நேபாளம் மாதிரி பயிற்சி கொடுத்தால் அவர்களுக்கும் ஒரு புது தொழில் கிடைக்கும்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க...

* பார்க்கிங் பில்லரில் நெட்டுக்கு விரிசல், கான்கிரீட் உப்பி உதிர்வது, துரு கறை தெரிந்தால் பூசி மறைக்காதீர்கள். உள்ளே கம்பி அரிக்கிறது என்று அர்த்தம்.

* இடம் போதவில்லை என்று பில்லரையோ பீமையோ கொத்தாதீர்கள். பைப் போட பீமில் ஓட்டை போடுவதும் தப்பு. பழைய செங்கல் வீட்டில் சுவரையே எடுப்பது அதை விட ஆபத்து.

* இரண்டு மாடிக்கு போட்ட அஸ்திவாரத்தில் மூன்றாவது மாடி எழுப்பாதீர்கள். மாடியில் பெரிய தண்ணீர் தொட்டி வைப்பதற்கு முன்பும் என்ஜினீயரை கேளுங்கள்.

* எப்படியும் பூச்சு உடைத்து ரிப்பேர் பார்க்கும் நேரம்தான் பலப்படுத்த சரியான நேரம். ஆள் கூலி ஒரு தடவையோடு போகும்.

* புது வீடு வாங்குபவர்கள் டைல்ஸ் என்ன கம்பெனி என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். கீழ்த்தள பில்லர் கணக்கு என்ன, ரிங் எத்தனை இஞ்ச் இடைவெளி என்றும் கேளுங்கள். ஸ்ட்ரக்சுரல் டிராயிங் காப்பி வாங்கி வையுங்கள்.

பூகம்பம் எப்போது வரும் என்று இன்று வரை யாராலும் சொல்ல முடியவில்லை. எந்த கட்டிடம் முதலில் விழும் என்பதை மட்டும், போய் பார்த்தாலே ஓரளவு சொல்லி விடலாம். சென்னையில் அந்த பார்வையிடும் வேலையை தெரு தெருவாக யாராவது ஆரம்பித்தாக வேண்டும்.